டமிலியன்: ஒரு பெயரடையின் கதை

சென்ற பருவத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். நான் பணிபுரியும் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி வெளியூரில் நடந்த ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு திரும்பினாள். கல்லலுக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. தகப்பனார் கொத்தனார். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் பத்தியிலேயே, 'நான் செட்டிநாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஒரு டமிலியன்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாள். நடுவர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'இப்படி ஒரு சொல்லே கிடையாது' என்று குறித்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பரிசளிப்பின்போது, மாணவர்கள் செய்யும் அசட்டுத் தவறுகளுக்கு எடுத்துக்காட்டாக அதை மேடையிலும் வாசித்திருக்கிறார். அரங்கு சிரித்திருக்கிறது.

மறுநாள் தாளோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். "ஐயா, இது தப்பான வார்த்தையாங்கய்யா? டிவியில எல்லாம் சொல்றாங்களே" என்றாள். ஆங்கிலத் துறைக்குப் போகாமல் தமிழாசிரியனிடம் ஏன் வந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருந்தது. கால்டுவெல் பற்றிப் பாடம் எடுத்த நாளில் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்தான். அவள் அங்கே கேட்ட சிரிப்பில் என் பங்கும் இருந்தது என்பதால் இதை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

'டமிலியன்' என்பது ஆங்கிலத்தில் முதலில் ஒரு பெயரடை. பின்னர்தான் ஆளைக் குறிக்கும் பெயராக நிலைத்தது. இந்தியாவுக்கு வெளியே இன்று அரிதாகிவிட்டது. இலங்கைத் தமிழரோ மலேசியத் தமிழரோ ஆங்கிலத்தில் பேசும்போது தம்மை 'டமில்' என்றுதான் சொல்வார்கள். நம் ஊர்ப்பக்கம் விடுமுறைக்கு வரும் மலேசியக் குடும்பத்துப் பிள்ளைகள் 'டமிலியன்' என்ற சொல்லைக் கேட்டதும் புருவத்தை உயர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் இதைப் பற்றி அவ்வப்போது சண்டை மூளும். ஒரு தரப்பு, இது வடநாட்டார் கண்டுபிடித்த பிழைச்சொல், தன்மானமுள்ள தமிழன் பயன்படுத்தக் கூடாது என்னும். இன்னொரு தரப்பு, 'தமிழன்' என்ற நம் சொல்லை வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்றதால் வந்த சிதைவு என்னும். இரண்டுமே சரியல்ல. இந்தச் சொல்லுக்கு ஒரு நீண்ட, சற்று விசித்திரமான வம்சாவளி உண்டு.

ஐரோப்பியர் நம் மொழியின் பெயரை அச்சில் எழுதத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில். 1554இல் லிஸ்பனில், தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டு வெளிவந்த சமயச் சிறுநூலில் மொழியின் பெயர் 'தமுல்' என்றிருக்கிறது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் போர்த்துகீசியத் தலைப்பு மொழியை 'மலவார் தமுல்' என்று இரட்டைப் பெயரால் சுட்டுகிறது. போர்த்துகீசியர் முதலில் கால்வைத்தது மேற்குக் கரை. அங்கே கேட்ட மொழிக்கு 'மலபார்' என்று பெயரிட்டார்கள். கிழக்குக் கரைக்கு வந்தபின்பும் அதே பெயரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் போனபின்பும் அந்தப் பெயர் போகவில்லை. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியர் வாயில் தமிழ் 'மலபார் மொழி'யாகவும் தமிழர் 'மலபாரிக'ளாகவும் இருந்தனர்.

இதை உள்ளேயிருந்து திருத்த முயன்றவர்கள் மொழியைக் கற்ற பாதிரிமார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்ட தம் லத்தீன் வழி இலக்கண நூலுக்கு 'கிரமாட்டிகா டமூலிக்கா' என்று பெயரிட்டார். லத்தீனில் 'டமூலிக்கா' என்பது பெயரடை. 'தமிழின்' என்று பொருள். 22 ஆண்டுகள் கழித்து, 1738இல், வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் அதே தரங்கம்பாடியில் அச்சேறியபோது அதன் தலைப்பில் அந்தச் சொல் 'தமூலிக்கா' ஆகிவிட்டது. (வாழ்நாளெல்லாம் எதிர்த்து எழுதிய லுத்தரன்காரர்களின் அச்சுக்கூடத்திலேயே கத்தோலிக்கரான முனிவரின் நூல் அச்சானது தனிக் கதை. இலக்கணத்துக்கு மதமில்லை என்று அந்த அச்சுக்கூடத்தார் நினைத்திருக்க வேண்டும்.)

ஒருவர் ஏன் 'ட'வில் தொடங்கினார், மற்றவர் ஏன் 'த'வில் தொடங்கினார்? ஜெர்மானியர் தம் மொழியில் 'ட்' ஒலியை மூச்சுச் சேர்த்து உச்சரிப்பவர்கள். மூச்சுச் சேராத நம் மொழிமுதல் தகரம் அவர்கள் காதுக்கு மெல்லொலியாகக் கேட்டிருக்கும். இத்தாலியரான வீரமாமுனிவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. இத்தாலிய மொழியின் தகரமும் மூச்சில்லாததே. இது என் ஊகந்தான். ஆனால் காதின் வேறுபாடு எழுத்தின் வேறுபாடாவதை எழுத்துப்பெயர்ப்பு செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். இகரம் உகரமானதும் அப்படித்தான். நாவை மேலே வளைத்து ழகரத்துக்குத் தயாராகும்போது முன்னிற்கும் இகரம் தன் கூர்மையை இழக்கிறது. ழகரத்தை அறியாத காது அதை உகரமாகப் பிடித்துக்கொண்டது.

ஆங்கிலத்துக்கு வருவோம். சென்னை வேப்பேரியில் 1779இல் வெளிவந்த பப்ரிசியஸ் அகராதியின் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பெரிய எழுத்தில் அது 'மலபார் - ஆங்கில அகராதி'. கீழே, ஐரோப்பியர் பொதுவாக மலபார் மொழி என்றழைக்கும் 'டமுலியன்' மொழியின் சொற்களை விளக்குவது என்ற பொருளில் ஒரு விளக்கம். வாங்குபவருக்குத் தெரிந்த பெயர் மேலே, சரியான பெயர் கீழே. எந்தப் புத்தக வியாபாரிக்கும் புரிகிற ஏற்பாடு. நான் சொல்லவந்தது, இந்தக் கீழ்வரியில்தான் நம் சொல்லின் முந்தைய வடிவம் உட்கார்ந்திருக்கிறது என்பதை. மாணவியின் தாளில் வட்டமிடப்பட்ட சொல்லின் பாட்டி அவள். 1779 என்ற ஆண்டையும் கவனியுங்கள். வீரபாண்டிய கட்டபொம்மன் அப்போது இன்னும் பாளையக்காரராகவில்லை.

தெலுங்குக்கும் இதே கதைதான். 1816இல் கேம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணம், 'பொதுவாக ஜெண்டூ எனப்படும்' மொழி என்று தலைப்பிலேயே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. ஜெண்டூ என்பது புறச்சமயத்தான் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. ஒரு மொழிக்கு 'அஞ்ஞானி மொழி' என்று பெயர்! அந்த நூலின் முகப்பில்தான் எல்லிஸ் துரை தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்ற தம் குறிப்பை எழுதினார் என்பது தமிழ் மாணவர்கள் அறிந்த செய்தி.

இப்போது அந்த ஈறு. 'இயன்' என்பது 'இயானுஸ்' என்ற லத்தீன் ஈற்றின் ஆங்கில வடிவம். 'இன்னதைச் சேர்ந்த' என்று பொருள். இந்தியன், இத்தாலியன், பாரிசியன் எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. ஆகவே டமிலியனில் உள்ள 'அன்' நம் தமிழனில் உள்ள ஆண்பால் விகுதியன்று. இரண்டும் ஒலியால் ஒத்துப்போனது தற்செயல். தமிழனின் சிதைவுதான் டமிலியன் என்பவர்கள், 'டமுலியன்' என்ற பழைய வடிவத்தையும் அது ஆளையன்றி மொழியைத்தான் முதலில் சுட்டியது என்பதையும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனாலும் நம்மவர் வாயில் இந்தச் சொல் இத்தனை காலம் தங்கியதற்கு அந்த ஒலியொப்புமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கேட்டால் பழகிய குரல்போல இருக்கிறதல்லவா?

உகரம் எப்போது இகரமானது? லண்டனில் 1821இல் வெளிவந்த ஆண்டர்சனின் இலக்கணம் 'டமுல்' என்றே எழுதுகிறது. அடுத்த ஆண்டு, 1822இல், வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை பாபிங்டன் ஆங்கிலப்படுத்திச் சென்னையில் வெளியிட்டபோது அங்கே 'டமில்' வந்துவிட்டது. கடலுக்கு அப்பால் பழைய எழுத்து, மொழி வழங்கும் ஊரில் புதிய எழுத்து. தமிழ்ப் புலவர்களோடு நாள்தோறும் உட்கார்ந்த சென்னைக்காரர்களின் காது திருந்திவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். அதன்பின் ரேனியஸ், ராட்லர், வின்சுலோ என வரிசையாக எல்லோரும் இகரம் எழுதினார்கள். டமுலியன் தேய்ந்து டமிலியன் தலையெடுத்தது.

ஆனால் முற்றாகத் தேய்வதற்கு முன்னால் டமுலியன் ஒரு பெரிய பயணம் போய்வந்தது. பிரயன் ஹாட்சன் என்ற ஆங்கிலேயர் நேபாளத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்தவர். பிறகு டார்ஜிலிங்கில் குடியேறியவர். 1847இல் இமயமலை அடிவாரத்துக் கோச், போடோ, திமால் மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆரியரல்லாத இந்தியத் தொல்குடிகள் அனைவரையும் சேர்த்துச் சொல்ல அவருக்கு ஒரு பெயரடை வேண்டியிருந்தது. அவர் எடுத்த சொல் 'டமுலியன்'! காவிரியையும் வைகையையும் கனவிலும் கண்டிராத பிரம்மபுத்திரா கரை மக்களுக்கு நம் மொழியின் பெயர் அடைமொழியானது. 1854இல் மாக்ஸ்முல்லரும் தம் மொழி வகைப்பாட்டில் தென்னிந்திய மொழிகளின் கிளைக்கு 'டமுலிக்' என்று பெயர் வைத்தார். ஹாட்சனின் வகைப்பாடு இன்று நிற்காது. போடோவும் திமாலும் திபெத்திய-பர்மியக் குடும்ப மொழிகள் என்பது தெளிவாகிவிட்டது. இருந்தாலும் ஒரு மொழியின் பெயர் ஒரு துணைக்கண்டத்துத் தொல்குடிகளுக்கெல்லாம் ஆகிவந்த அந்தச் சில ஆண்டுகளை நினைத்தால் எனக்குச் சற்றுச் சிரிப்பும் சற்றுப் பெருமையும் வருவதை மறைக்க விரும்பவில்லை.

அந்த அகலத்தைச் சுருக்கியவர் கால்டுவெல். 1856இல் வெளியான ஒப்பிலக்கணத்தில், இம்மொழிக் குடும்பத்தை இதுவரை டமிலியன் என்றும் டமுலிக் என்றும் அழைத்துவந்தார்கள் என்பதை எடுத்துச் சொல்லி, தமிழ் அக்குடும்பத்தில் ஒரு மொழிதானே, ஒன்றின் பெயரை எல்லாவற்றுக்கும் வைப்பது குழப்பம் தரும் என்ற நியாயத்தால் 'திராவிட' என்ற சொல்லைத் தேர்ந்தார். குமாரிலபட்டரின் 'ஆந்திர திராவிட' என்ற ஆட்சி அவருக்குத் துணைநின்றது. இடையன்குடியில் உட்கார்ந்து அவர் செய்த அந்த ஒரு மாற்றம் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. திராவிடத்திலிருந்து தமிழ் வந்தது என்று கால்டுவெல் எண்ணினார். பின்வந்த மொழியியலாளர், குறிப்பாகக் கமில் சுவெலபில், தமிழ் என்ற சொல்லே த்ரமிளம், த்ரமிடம், திராவிடம் என வடமொழியில் உருமாறியது என்று காட்டினர். அப்படியானால் கால்டுவெல் வாசல்வழி அனுப்பிய விருந்தாளி வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு கொல்லைவழி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இதைத்தான் அன்று வகுப்பில் சொன்னேன். அந்த மாணவி குறித்துக்கொண்டாள். ஆகவே, 'இப்படி ஒரு சொல்லே கிடையாது' என்ற தீர்ப்பு கால்டுவெல்லுக்கும் சேர்த்துத்தான்.

மொழிக்குடும்பத்தை இழந்தபின் டமிலியன் வீட்டுக்குத் திரும்பியது. தமிழரே ஆங்கிலத்தில் தம்மைப் பற்றி எழுதத் தொடங்கிய காலம் அது. திருச்சிராப்பள்ளியைக் களமாகக் கொண்டு பண்டித சவரிராயர் 1907 முதல் நடத்திய ஆய்விதழின் பெயர் 'டமிலியன் ஆன்டிகுவரி'. வெளியிட்ட அமைப்பு 'டமிலியன்' தொல்லியல் கழகம். ஆங்கிலேயர் யாரும் சூட்டிய பெயரல்ல. தமிழறிஞர்கள் தாங்களே தேர்ந்து, அட்டையில் பொறித்துக்கொண்ட பெயரடை. அதற்கு மூன்றாண்டு முன்னால், 1904இல், யாழ்ப்பாண வேர் கொண்ட கனகசபைப் பிள்ளை வெளியிட்ட '1800 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்' என்ற புகழ்பெற்ற நூலின் ஆங்கிலத் தலைப்பில் 'டமில்ஸ்' என்றிருக்கிறது, டமிலியன் இல்லை. ஒன்று பெயரடை, மற்றது பெயர்ச்சொல் என்பதால் அவ்விரு தலைப்புகளும் முரண்படவில்லை. அன்றைய அறிஞர்கள் இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். இன்றைய குழப்பம் பின்னால் வந்தது.

இலங்கையில் ஏன் டமிலியன் வேரூன்றவில்லை? ஆங்கிலேயர் அங்கே நுழைந்தபோதும் தமிழர் 'மலபாரிகள்'தாம். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கையில் விக்கிரமராஜசிங்கனின் சுற்றத்தாரைக் குறிக்க மலபார் என்ற சொல்லே ஆளப்பட்டது. அது ஒழிந்தபின் நேரே 'டமில்' வந்தது. 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த சைமன் காசிச்செட்டியின் புலவர் வரலாறு 'டமில் புளூட்டார்க்'. 1911 குடிக்கணக்கில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணியபோதும் 'டமில்ஸ்'. ஒரு தீவில் இரு மொழியினர் இருந்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயர் போதுமென்று ஆனபின் ஈறுக்கு வேலையில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே மொழிக்கு ஒரு பெயரும் ஆளுக்கு ஒரு பெயருமாக இருப்பதே அக்கம்பக்கத்து வழக்கம். மலையாளம் - மலையாளி. கன்னடம் - கன்னடிக. நாமே தமிழில் தமிழ் - தமிழர் என்கிறோம். பெங்களூர் ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம் ஆங்கிலத்தில் 'நீங்கள் டமிலா?' என்று கேட்டால் ஒரு மனிதரைப் பார்த்து 'நீங்கள் கன்னடமா?' என்று கேட்டதுபோல நம் காதில் குறைபடுகிறது. மொழிக்கும் ஆளுக்கும் இடையே ஓர் ஈறு வேண்டும் என்று இந்தியக் காது எதிர்பார்க்கிறது. அந்த ஈறு டமிலியனில் தயாராக இருந்தது; எடுத்துக்கொண்டார்கள். இதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? ஓர் அயல்மொழியில், தன் மொழி கேட்கிற வேறுபாட்டை, அந்த அயல்மொழியின் பழைய சரக்கைக் கொண்டே ஈடுசெய்வது கெட்டிக்காரத்தனம் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. 'தமிழன்' ஆண்பால். மேடைகளில் 'தமிழா!' என்று விளிக்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. தமிழச்சி என்ற சொல்லுக்குத் தனி வீச்சு இருக்கிறது. ஆனால் ஒரு படிவத்தில் நிரப்பும் சொல்லன்று. ஆங்கில டமிலியனுக்கு ஆண், பெண் இல்லை. என் மாணவி தயக்கமில்லாமல் தன்னைச் சுட்ட எடுத்துக்கொண்ட சொல் அது.

ஆங்கிலத்தில் இத்தகைய இரட்டைப் பெயரடைகள் புதுமையுமல்ல. அரபு தேசத்து மனிதர் 'அராப்', மொழி 'அராபிக்', கடலும் குதிரையும் 'அராபியன்'. ஒரே வேரின் மூன்று கிளைகள். யாரும் சிவப்பு மை எடுப்பதில்லை. நம் செட்டிநாட்டார்க்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டுகள் உண்டு. கொண்டுவிக்கப் போன இரண்டு நாடுகளிலும் பெயரடையின் ஈறுதான் மனிதர்களைப் பிரித்தது. 'மலாய்' என்றால் அந்த இனத்தவர். 'மலாயன்' என்றால் அந்த நாட்டில் வேர்விட்ட சீனரும் தமிழரும் உட்பட எவரும். 1946இல் ஆங்கிலேயர் 'மலாயன் யூனியன்' அமைத்தபோது மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்ததற்குக் காரணங்கள் பல. அந்த ஈற்றுக்குள் ஒளிந்திருந்த குடியுரிமைக் கேள்வி அவற்றில் முதன்மையானது. 1948இல் யூனியன் போய்க் கூட்டரசு வந்தது. பர்மாவிலும் பின்னாளைய ஆங்கில வழக்கில் 'பர்மன்' என்றால் பெரும்பான்மை இனத்தவர், 'பர்மீஸ்' என்றால் அந்நாட்டார் எல்லோரும். இரண்டெழுத்து ஈறுதானே என்று நாம் நினைக்கிறோம். கடை வைத்து, வயல் வாங்கி, கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்களின் வீடுகள் நிறைந்த ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு நான் அப்படி நினைக்க முடிவதில்லை.

பிறர் நமக்கு வைத்த பெயர்களை ஒரு வரிசையில் நிறுத்திப் பாருங்கள். மலபாரி: தவறான கரையின் பெயர். ரீயூனியன் தீவில் தமிழ் வம்சாவளியினர் இன்றும் 'மல்பார்' என்றே அழைக்கப்படுகின்றனர். மலாய் நாட்டில் 'கிளிங்' அல்லது 'கெலிங்': கலிங்கத்தின் பெயர். பினாங்கில் ஒரு பழைய பள்ளிவாசலின் பெயரில் மரியாதையோடு இருக்கும் அது, தெருவில் வசையாகிவிட்டது. வடநாட்டில் 'மதராசி': ஒரு துறைமுகத்தின் பெயர். 1969 ஜனவரி 14ஆம் நாள் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தபின்னும் அது மறைந்தபாடில்லை. இத்தனையிலும் நம் மொழியின் பெயரை நடுவில் வைத்துக் கட்டப்பட்ட சொல் டமிலியன் ஒன்றுதான். அதைப் போய் இழிவென்று தள்ளுகிறவர்களின் கோபம் இலக்குத் தவறிய கோபம்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பெயரடையாக அதன் காலம் முடிந்துவிட்டது. 'டமிலியன் மொழி', 'டமிலியன் இலக்கியம்' என்று இன்று எழுதினால் நானே வட்டமிடுவேன். அங்கே 'டமில்' போதும். தமிழிலும் மொழிப்பெயர் அப்படியே நின்று அடையாகிவிடுகிறது: தமிழ் இலக்கியம், தமிழ் இசை, தமிழ்நாடு. தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக்கொண்டார். ஆங்கிலத்தார் சொல்லும் பெயரடை என்ற தனி இனம் அவருக்குத் தேவைப்படவில்லை. சொல் பக்கத்தில் சொல் நின்றாலே உறவு விளங்கிவிடும் மொழி இது. இந்த வகையில் 'டமில் லிட்டரேச்சர்' நம் மொழியின் இயல்புக்கே நெருக்கமானது. இலங்கை, மலேசியத் தமிழரோடு ஆங்கிலத்தில் எழுதும்போதும் அவர்கள் வழக்கை மதித்து 'டமில்' என்று ஆள்வதே நாகரிகம். அவர்களை டமிலியன் என்றழைக்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் அப்பெயரை ஏற்றுக்கொண்டதில்லை.

என்னால் பொறுக்க முடியாதது வேறொன்று. தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் வரும் டமிலியன். நகரத்து அடுக்குமாடிகளில், இருவரும் தமிழரென்று தெரிந்த பின்னும் "நாங்க டமிலியன்ஸ்" என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது. அங்கே அந்தச் சொல் ஒரு வேலையும் செய்யவில்லை. 'தமிழர்' என்று வாய்நிறையச் சொல்லக் கூச்சம். ழகரத்தைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி. ஆங்கிலத்தில் எழுதிய கொத்தனார் மகளைப் பார்த்துச் சிரித்த அரங்கில் இந்த வகையினர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்த்தேன். அந்த எண்ணத்தை அதற்குமேல் வளர்க்க விரும்பவில்லை.

மாணவியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. 1779, 1856, 1907 என்று மூன்று ஆண்டுகளையும் மூன்று நூல்களின் பெயரையும் அவள் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். "நடுவருக்கு ஒரு கடிதம் எழுதும்மா, நானும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "வேணாங்கய்யா, அவங்க திரும்பவும் மேடையில வாசிப்பாங்க" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. பிறகு, 'டமிலியன் வீடுகள்' என்று மூன்றாம் பத்தியில் தான் எழுதியிருந்த இடத்தைக் காட்டி, அது சரியா என்று கேட்டாள். நடுவர் அதைக் கவனிக்கவே இல்லை. சரியில்லை, 'டமில்' என்று மாற்று என்றேன். மாற்றிக்கொண்டாள். முதல் பத்தியில் இருந்ததை அப்படியே விட்டாள். இந்த ஆண்டுக்கான போட்டி அறிவிப்பு போன வாரம் வந்தது, பெயர் கொடுத்திருக்கிறாள்.